கொடும்பாளூரிலிருந்து பாம்பனுக்கு: தூக்குப்பாலமும் படகுக் கரையும்

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் திருச்சிக்கோ மதுரைக்கோ திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் பாம்பனுக்குப் போங்கள். கொடும்பாளூருக்குக் கடல் புதிதல்ல; சுந்தர சோழன் காலத்தில் இவ்வூர்த் தளபதி சிறியவேளார் ஈழப்போரில்தான் மாண்டார்.

புதுக்கோட்டையில் இராமேசுவரம் ரயிலைப் பிடியுங்கள். பகல் வண்டியாக இருக்கட்டும். மண்டபம் தாண்டியதும் வண்டி ஏறுவது 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலம். அதன் 72.5 மீட்டர் நடுக்கண் அப்படியே 17 மீட்டர் மேலே எழும். பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம். அதன் நடுவில் இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து நிமிரும் ஷெர்சர் தூக்கு. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 1964 புயல் பாலத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோனபோதும் அந்தத் தூக்கு மட்டும் அசையவில்லை. 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. கழற்றவும் ரயில்வே முடிவெடுத்துவிட்டது. வேலைக்குப் புதியது மேல், அழகுக்குப் பழையதுதான். தாமதிக்காமல் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பாலம் திறக்க நேர அட்டவணை கிடையாது. இலங்கையைச் சுற்றாமல் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே போக நினைக்கும் கலங்கள் இரு பக்கமும் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். பெரிய படகுகள் வரிசையாக நிற்பது தெரிந்தால் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் விசாரியுங்கள். காரில் வந்தால் பக்கத்துச் சாலைப் பாலத்தில் நிறுத்தாதீர்கள். கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

பாலத்தோடு திரும்பிவிடுவது பாதிப் பயணம்தான். அது திறப்பதே படகுகளுக்காக. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் நடந்து பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே இதற்குச் சரியான பருவம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். ஏரா என்னும் அடிக்கட்டை, அதிலிருந்து எழும் வங்குகள் என்னும் வளைந்த விலாக்கட்டைகள், பலகை இடுக்கில் பஞ்சு திணிக்கும் கை எல்லாம் அருகிலேயே காணக் கிடைக்கும். வெயில் கடுமை, காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் இராமநாதபுரத்தில் இறங்கிக் கீழக்கரைக்கும் போய்வரலாம். சீதக்காதி போன்ற மரக்காயர்கள் சொந்தக் கப்பல் வைத்து வணிகம் செய்த ஊர் அது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கரையில் நிற்கும் படகில் ஓடாவியை, அதாவது படகு கட்டும் தச்சரை, கேட்காமல் ஏறாதீர்கள்.