கொங்கு வகுப்பறையில் தூத்துக்குடித் துறைமுகம்

துறைமுகங்களைப் பட்டியலாகச் சொன்னால் மாணவர்கள் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். கோவை, திருப்பூர்ப் பகுதிப் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. ஆனால் அவர்களின் பெற்றோர் பலர் பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் வேலை செய்கிறார்கள். அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன். இரண்டு பாடவேளையும் ஒரு தமிழ்நாடு வரைபடமும் போதும்.

முதல் கேள்வி: திருப்பூரில் தைத்த பனியன் வெளிநாட்டுக்கு எந்த வழியாகப் போகிறது? மாணவர்கள் வரைபடத்தில் திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குக் கோடு வரைகிறார்கள். கொச்சி இன்னும் அருகில் இருப்பதை ஒருவராவது சுட்டிக்காட்டுவார். பாலக்காட்டுக் கணவாயை அறிமுகப்படுத்த அதுவே நல்ல தருணம்.

இரண்டாம் கேள்வி: துறைமுகம் ஏன் அங்கே அமைந்தது? முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் விலகியதால், இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். பிற்காலத்தில் தூத்துக்குடி வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1825இல் அது ஆங்கிலேயர் வசமானது.

மூன்றாம் கேள்வி: ஆழமில்லாத கடலில் பெரிய கப்பல் எப்படி நிற்கும்? முன்பு கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. பின்னர் கடலுக்குள் ஏறத்தாழ 4 கி.மீ. நீளத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டி, உள்ளே ஆழப்படுத்திச் செயற்கைத் துறைமுகம் அமைத்தனர். 1974 ஜூலை 11இல் அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அகன்ற தட்டில் நீர் ஊற்றி, இரண்டு செங்கற்களை இடைவெளி விட்டு நிறுத்தி, நீரைக் கையால் அலைக்கச் சொல்லுங்கள். செங்கற்களுக்குப் பின்னால் அலை அடங்குவதை மாணவர்களே கண்டு சொல்வார்கள்.

நான்காம் கேள்வி: துறைமுகத்தின் பெயர் யாருடையது? வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908இல் கைதானார். அவர் செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில்! இதைக் கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்கிறது. 1912 இறுதியில் அவர் விடுதலையானபோது சங்கம் கலைந்துவிட்டிருந்தது. துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 2011இல்.

கல்விச் சுற்றுலா செல்வோர் பனிமய மாதா பேராலயம், முயல் தீவு, உப்பளங்கள், வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம், பாரதியார் பிறந்த எட்டயபுரம் ஆகியவற்றைப் பார்க்கலாம். தூத்துக்குடி மக்ரூனையும் பிள்ளைகள் விடமாட்டார்கள். உப்பளத்தில் கண் கூசும் வெயிலில் வேலை செய்பவர்களையும் கவனிக்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றியும் பேச வேண்டும். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியதால் அரண் இழந்த சில தீவுகள் கடலுக்குள் மூழ்கின. வளர்ச்சியின் விலையைப் பிள்ளைகள் எடைபோட இது உதவும்.

மதிப்பீட்டுக்கு வினாத்தாள் தேவையில்லை. “தூத்துக்குடித் துறைமுகம் ஒரு மாதம் மூடியிருந்தால் நம் ஊரில் யாருக்கு என்ன ஆகும்?” என்று வீட்டில் கேட்டு, பத்து வரி எழுதி வரச் சொல்லுங்கள். பாடம் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.