கஜானாவைக் காலி செய்தது யார்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு டீக்கடையில் இரண்டு பங்காளிகள் எனக்குப் பழக்கம். இருவருக்கும் கரும்புதான் பயிர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்புகிறவர்கள். மூத்தவர் இரட்டை இலை, இளையவர் உதயசூரியன்.

2021 ஆகஸ்டில் ஒரு நாள் இளையவர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு சொன்னார்: "பாருங்கண்ணே, உங்க ஆளுங்க வீட்டுக்கு வீடு ரெண்டு லட்சத்து அறுபத்து மூணாயிரம் கடன் வெச்சிட்டுப் போயிருக்காங்க." மூத்தவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "கடன் வாங்காத கவர்மெண்ட் எங்கப்பா இருக்குது? கொரோனா வந்தா யாரு என்னா பண்றது?" என்றார்.

2025 மார்ச்சில், பட்ஜெட் வந்த மறுநாள், அதே பெஞ்சு. இந்த முறை பேப்பர் மூத்தவர் கையில். "தம்பி, ஒம்பது லட்சம் கோடியத் தாண்டுதாம். வீட்டுக்கு நாலு லட்சம்!" இளையவர் அசரவில்லை. "கடன் வாங்காத கவர்மெண்ட் எங்கண்ணே இருக்குது? டெல்லிக்காரன் குடுக்கவேண்டியதக் குடுத்தா நாம ஏன் கடன் வாங்குறோம்?"

வசனம் அதேதான். சொல்கிற வாய் மட்டும் இடம் மாறிக்கொண்டது. டீக்கடையில் ஓடும் இந்த வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடனை அ.தி.மு.க. விட்டுச் சென்றது.

2021 ஆகஸ்ட் 9 அன்று புதிய தி.மு.க. அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்த எண் இது. 5,70,189 கோடி ரூபாயை 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால் கிடைப்பது.

உண்மை: வகுத்தலில் பிழை இல்லை, வகுபட்ட எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அ.தி.மு.க. அரசின் நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் 2021 பிப்ரவரியில் தாக்கல் செய்த இடைக்கால பட்ஜெட்டின்படி, 2021 மார்ச் 31 அன்று இருக்கும் கடன் 4,85,502 கோடி. 5,70,189 கோடி என்பது 2022 மார்ச் 31-க்கான மதிப்பீடு. அதாவது, புதிய ஆட்சி தன் முதல் ஆண்டில் வாங்கப்போகும் கடனும் பழைய ஆட்சியின் பற்றில் ஏறிவிட்டது. 4,85,502 கோடியை வகுத்தால் குடும்பத்துக்குச் சுமார் 2.25 லட்சம்தான் வரும்.

அதே வகுத்தலை 2026 மார்ச் 31-க்கு மதிப்பிடப்பட்ட 9,29,959 கோடிக்குப் போட்டால் 4.30 லட்சம். மூத்தவர் சொன்ன நாலு லட்சமும் கணக்குப்படி சரிதான், ஆனால் பாதிக் கதைதான். கடன் பெருத்த அதே காலத்தில் மாநிலத்தின் பொருளாதாரமும் பெருத்தது. மொத்த உற்பத்தி மதிப்போடு ஒப்பிட்டால் இந்தக் கடன் 26.07 சதவீதம் என்கிறது 2025-26 பட்ஜெட். 2021-லும் அது நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருந்தது. இரண்டு ஏக்கர்காரர் வாங்கிய கடனையும் இருபது ஏக்கர்காரர் வாங்கிய கடனையும் ரூபாயை மட்டும் பார்த்து ஒப்பிடுவோமா?

நம்பிக்கை 2: யார் அதிகம் கடன் வாங்கினார்களோ அவர்களே குற்றவாளி.

உண்மை: எவ்வளவு வாங்கினார்கள் என்பதைவிட எதற்கு வாங்கினார்கள் என்பதே முக்கியம். நம் ஊரில் போர் போடவும் மோட்டார் வைக்கவும் வாங்கிய கடனை யாரும் குறை சொல்வதில்லை. அரிசி, மளிகைக்கே வட்டிக்கு வாங்கினால் குடும்பம் முழுகுகிறது என்பார்கள். அரசுக் கணக்கில் அந்த மளிகைக் கடனுக்குப் பெயர் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவு வருமானத்தைத் தாண்டும்போது விழும் துண்டு அது.

2011-12, 2012-13 ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வருவாயில் உபரி இருந்தது. 2013-14-இல் துண்டு விழ ஆரம்பித்தது. 2018-19-இல் 23,459 கோடி, 2019-20-இல் 35,909 கோடி, கொரோனா ஆண்டான 2020-21-இல் 62,326 கோடி. ஆக, 'எல்லாம் கொரோனா' என்ற அ.தி.மு.க. வாதம் கடைசித் தாவலுக்குத்தான் பொருந்தும். அதற்கு முந்தைய ஏழாண்டுச் சரிவுக்குக் கிருமிமேல் பழி போட முடியாது.

அடுத்து வந்தவர்களின் கணக்கு? 2021-22-இல் 46,538 கோடி, 2022-23-இல் 36,215 கோடி. இறங்கியது உண்மை. 2023-24-இல் மறுபடி 45,121 கோடிக்கு ஏறியது. 'மீட்டுவிட்டோம்' என்ற தி.மு.க. பேச்சை இந்த எண்கள் பாதிதான் தாங்குகின்றன. வாங்கும் கடனில் ஒரு பகுதி இன்னும் மளிகைக்குத்தான் போகிறது.

நம்பிக்கை 3: இலவசங்கள்தான் கஜானாவைக் காலி செய்தன.

உண்மை: 2024-25 பட்ஜெட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. அதே ஆண்டு பழைய கடனுக்கு வட்டி கட்ட ஒதுக்கியது 63,722 கோடி, நாலரை மடங்குக்கும் மேல். சம்பளமும் ஓய்வூதியமும் இது போக. இந்த மூன்றையும் எந்த ஆட்சியும் நினைத்த மாத்திரத்தில் குறைக்க முடியாது.

இலவசத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் தருவதாகச் சொன்ன பணம் அடுத்த ஆட்சியின் கணக்கிலும் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் பந்தியில் தெரியும் இலையை மட்டும் எண்ணிவிட்டு, அடுப்படியில் சிந்துவதை விட்டுவிடுகிறோம். 2014 டிசம்பரில் ஏறிய மின்கட்டணம் அடுத்து ஏறியது 2022 செப்டம்பரில். இடையில் நிலக்கரி விலையும் சம்பளமும் சும்மா இருக்கவில்லை. நஷ்டம் மின்வாரியத்தின் கடனாகச் சேர்ந்தது. 2017 ஜனவரியில், மின்வாரியங்களின் கடனைத் தீர்க்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் 22,815 கோடி கடனை அரசே தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதற்கு யாரும் பேனர் கட்டவில்லை. யார் வீட்டுக்கும் டோக்கன் வரவில்லை. ஆனாலும் அது மக்கள் பெற்ற சலுகைக்கான விலைதான்.

நம்பிக்கை 4: எல்லாம் டெல்லி செய்த வஞ்சனை. (எதிர்ப்பாட்டு: டெல்லி கொட்டிக் கொடுத்தது, இவர்கள் வீணடித்தார்கள்.)

உண்மை: இரண்டிலும் ஒரு விள்ளல் நிஜம் இருக்கிறது. மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு பத்தாவது நிதிக்குழுவில் 6.637 சதவீதம். பதினைந்தாவதில் 4.079 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் டெல்லியில் பல கூட்டணிகள் வந்துபோயின. அவற்றில் நம் திராவிடக் கட்சிகளும் அமைச்சர் நாற்காலிகளில் இருந்தன.

பங்குச் சுருக்கத்தைவிடத் தந்திரமானது செஸ். 2021-இன் பெரும்பகுதியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய 32.90 ரூபாயில், மாநிலங்களோடு பகிரவேண்டிய அடிப்படை வரி 1.40 மட்டுமே. மீதி முழுக்கப் பகிரத் தேவையில்லாத செஸ்ஸும் கூடுதல் வரியும்.

அந்த ஆகஸ்டில் ஒரே வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 9-ஆம் தேதி சென்னையில் வெள்ளை அறிக்கை: பழி முந்தைய அ.தி.மு.க. ஆட்சிமேல். 13-ஆம் தேதி பட்ஜெட்: பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைப்பு, ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு. 16-ஆம் தேதி டெல்லியில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மன்மோகன் சிங் அரசு வெளியிட்ட எண்ணெய்ப் பத்திரங்களின் சுமையால் வரியைக் குறைக்க முடியவில்லை என்றார்: பழி முந்தைய காங்கிரஸ் ஆட்சிமேல். அந்தப் பத்திரங்களின் பாக்கி சுமார் 1.3 லட்சம் கோடி. வட்டி ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி அளவில். பெட்ரோல், டீசலில் மத்திய அரசுக்கு 2020-21-இல் மட்டும் வந்த கலால் வரி 3.35 லட்சம் கோடி. பத்திரச் சுமை பொய்யில்லை. சொன்ன காரணத்துக்குத்தான் அது போதவில்லை. பாட்டு இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ராகம்தான் வேறு.

அதேநேரம் டெல்லியைக் காட்டிவிட்டுச் சென்னை நழுவவும் முடியாது. தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாய் 2006-07-இல் மாநில உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2020-21-இல் 6 சதவீதத்துக்கும் கீழே. பத்திரப்பதிவு, வாகன வரி, மது வரியெல்லாம் கோட்டையின் கையில் இருப்பவை.

யார் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க நம் பங்காளிகளின் கரும்புப் பணமே போதும். 2024-25 பருவத்துக்கு டன்னுக்கு 3,500 ரூபாய் என்று பேச்சு. அதில் 3,151 ரூபாய் டெல்லி நிர்ணயிக்கும் ஆதார விலை, ஆலைதான் தரவேண்டும். 349 ரூபாய் சென்னை தரும் ஊக்கத்தொகை. விலை கட்டவில்லை என்று டெல்லியைத் திட்டலாம், ஊக்கத்தொகை போதாது என்று சென்னையைத் திட்டலாம், பணம் தாமதமானால் ஆலையைத் திட்டலாம். ஆளுக்கேற்ற அர்ச்சனைதான் முறை.

நம்பிக்கை 5: இப்படியே போனால் தமிழ்நாடு அடுத்த இலங்கை.

உண்மை: 2022-இல் இலங்கையைச் சாய்த்தது டாலர் பஞ்சம். 2019 கடைசியில் வாட் வரியை 15-இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021-இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்குத் தனி நாணயம் கிடையாது. எரிபொருள் இறக்குமதிக்கு டாலர் தேடவேண்டிய நிலையும் கிடையாது. மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் புதுக்கடன் வாங்க அதன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 293-ஆவது பிரிவு. ஆண்டுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பும் உண்டு. நமக்கு வரக்கூடிய ஆபத்து வேறு மாதிரி: வட்டிக்குப் போனது போக ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மிஞ்சுவது வருடாவருடம் இளைப்பது. இலங்கையைப்போல் வரிசையில் நிற்க வைக்காது என்பதால் அது கண்ணில் படாது.

நம்பிக்கை 6: துணிச்சலான தலைவர் வந்தால் ஒரே வெட்டில் சரியாகிவிடும்.

உண்மை: வந்தார், வெட்டினார், தோற்றார். 2001-இல் பதவியேற்ற ஜெயலலிதா அரசும், கருணாநிதி ஆட்சி கஜானாவைக் காலி செய்துவிட்டது என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது, நிதியமைச்சர் பொன்னையன். 2021-இல் நடந்தது அதன் மறுபதிப்பு. ஆனால் ஜெயலலிதா அறிக்கையோடு நிற்கவில்லை. மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களின் ரேஷன் கார்டில், இனி ரேஷன் அரிசி கிடையாது என்ற 'எச்' முத்திரை விழுந்தது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் நின்றது. 2003 ஏப்ரல் முதல் அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனது. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களை ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தார்.

2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அவருடைய அணி தோற்றது. முடிவு வந்த அதே மே மாதம் 'எச்' கார்டு போனது, இலவச மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள்மேல் இருந்த நடவடிக்கைகள் வாபஸ். 2005-06-இல் வருவாய்க் கணக்கில் உபரி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் சிக்கனத்துக்கும் பங்குண்டு. நாடு முழுக்க வரி வசூல் வளர்ந்த நேரம் அது என்பதற்கும் பங்குண்டு. 2006 தேர்தலில் உபரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு ரூபாய் அரிசியும் கலர் டிவியும் ஜெயித்தன.

இந்தப் பாடத்தை இரு கட்சியும் மனப்பாடம் செய்துவிட்டன. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியபோது தி.மு.க. மறியல் செய்தது; ஆட்சிக்கு வந்தபின் அந்த உயர்வை ரத்து செய்யவில்லை. 2022-இல் மின்கட்டணம் ஏறியபோது அ.தி.மு.க. தெருவுக்கு வந்தது, எட்டு வருடம் ஏறாமல் தேங்கிய கணக்கைப் பற்றி அதன் மேடையில் பேச்சில்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்வரை கட்டண உயர்வு மக்கள் விரோதம். ஆளும் வரிசைக்கு வந்தால் தவிர்க்க முடியாத முடிவு.

அடுத்த முறை யாராவது கடன் கணக்கோடு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு மார்ச் 31 கணக்கு? அதில் போர் போட எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு? இதைச் சரிசெய்ய எதை நிறுத்துவீர்கள், எதை ஏற்றுவீர்கள்? முதல் இரண்டுக்கு பட்ஜெட் புத்தகத்தில் பதில் இருக்கும். மூன்றாவதுக்கு எந்த மேடையிலும் பதில் வராது.

போன வாரம் அந்த மூன்றாவது கேள்வியை டீக்கடையிலேயே போட்டுப் பார்த்தேன். "மந்திரிங்க கார நிறுத்தச் சொல்லுங்க" என்றார் மூத்தவர். "டெல்லிய மொதல்ல குடுக்கச் சொல்லுங்க" என்றார் இளையவர். பிறகு, கரண்டு வரும் நேரம் என்று இருவரும் ஒரே வண்டியில் ஏறிக் கிளம்பினார்கள். இருவர் கொல்லையிலும் மோட்டார் ஓடுவது இலவச மின்சாரத்தில். அதன் பில் யார் பற்றில் ஏறுகிறது என்பதில் மட்டும் இருவருக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை.