தோணியும் தீவுகளும்

காரியாபட்டிப் பகுதியில் ஓடும் குண்டாறு, மழைக்காலம் தவிரப் பெரும்பாலும் வெறும் மணற்படுகையாகவே காட்சியளிக்கும். ஆயினும் அதன் வழி முடிவது மன்னார் வளைகுடாவில். அவ்வளைகுடாவின் கரையிலேயே தூத்துக்குடியும் அமைந்துள்ளது.

தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. ஆதலின் முன்னாளில் நீராவிக் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. பொதிகளைக் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தவை தோணிகளே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் அவை பாய்விரித்துச் சென்றன. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்தித் தோணிகளைப் பழுது பார்ப்பர். காற்றுத் தணிந்தபின் மீண்டும் புறப்படுவர். பின்னர்ப் பாயின் இடத்தை இயந்திரம் பற்றிக்கொண்டது. 1974-இல் ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. ஆயினும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடப் பொருளும் ஏற்றிச் செல்லும் தொழிலைத் தோணிகள் கைவிடவில்லை.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. கரையிலிருந்து நோக்குவார்க்கு அவை வெறும் மணல் திட்டுகளே. ஆனால், அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளில் மோதியே பேரலைகள் வலியிழக்கின்றன; அவ்வாறு காக்கப்படுவது கரையன்றோ! இதனை உணராது, சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். காப்பிழந்த மணலைக் கடல் அரித்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான் தீவும் பெரிதும் தேய்ந்தது. 1986-இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2015-இல் வான் தீவருகே செயற்கைத் திட்டுகளை இறக்கும் பணி தொடங்கியது. எஞ்சிய தீவுகளில் இசைவின்றி எவரும் கால்வைத்தல் கூடாது.