அடிபட்ட பழைய யாட்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

2022 செப்டம்பர் கடைசியில் இயன் சூறாவளி ஓய்ந்தபோது, ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் படகுகள் கரையேறி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரும்புயல் அடித்தால் அங்கே இதுதான் கதை. இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துக்கட்டிய மோட்டார் யாட்டுகள் பிறகு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும். வாங்க வருபவர்கள் மிரள்வது பக்கவாட்டு ஓட்டையைப் பார்த்து. என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே லேசான சேதம்.

ஃபைபர் கிளாஸ் படகில் ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தாலும் அடைக்கலாம். உடைந்த விளிம்பை நல்ல பாகம் வரை வெட்டியெடுத்து, தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில் அடுக்கடுக்காக ஒட்டினால் போதும். உள்ளே தடுப்புச் சுவர்கள் விட்டிருக்கின்றனவா, என்ஜின் மேடை நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூழ்கி எடுத்த படகு நேர் எதிர். கழுவித் துடைத்துவிட்டால் போட்டோவில் பளிச்சென்று இருக்கும். ஸ்விட்ச் பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தாமிரம் பச்சை பூத்திருந்தால் ஒயரிங் முழுக்கப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். டிராயர்களை உருவினால் பின்பலகையில் உப்புக் கோடு தெரியும், தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் கோடு என்ஜினுக்கு மேலே போகிறதா? மூழ்கிய டீசல் என்ஜினை வெளியே எடுத்த ஓரிரு நாளில் நன்னீரில் அலசி, எண்ணெய் மாற்றி ஓட்டியிருக்க வேண்டும். ஏல முற்றத்தில் வாரக்கணக்கில் கிடந்த படகுக்கு அதை யார் செய்தார்கள்?

மூன்றாவது ரகம், மரப்படகு. கிராண்ட் பேங்க்ஸ் என்ற பிராண்ட் யாட்டுகளை 1973 வரை மரத்தில்தான் கட்டினார்கள், அதற்குப் பிறகுதான் ஃபைபர் கிளாஸ். மரத்தை உளுக்க வைப்பது கடல்நீரைவிட மழைநீர்தான். அதனால் அடிப்பாகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஜன்னலுக்குக் கீழும் பின்பக்க மூலைகளிலும் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில்போல் இறங்கினால், தச்சு வேலை கைவராதவர் தொடவே வேண்டாம். கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது.

ஃபைபர் படகிலும் மேலே தேக்குத் தளம் இருந்தால் மழைநீர் விடாது. நூற்றுக்கணக்கான திருகுத் துளைகள் வழியே இறங்கி, தளத்தின் நடுவடுக்கு மரத்தை மக்க வைக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் மந்தமாகும் இடமெல்லாம் செலவு. அதே தண்ணீர் கீழே இருக்கும் இரும்பு டீசல் டேங்கையும் துருப்பிடிக்க வைக்கும். டேங்கை மாற்ற, பல படகுகளில் என்ஜினையே தூக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஓட்டை இருந்தும் என்ஜின் நனையாத ஃபைபர் படகென்றால், படகுகளைச் சோதிக்கும் நல்ல சர்வேயரை அழைத்துக்கொண்டு போய் விலை பேசுங்கள். உப்புநீரில் மூழ்கியது சும்மா கிடைத்தாலும் வேண்டாம். பாதியில் அலுத்துப்போய் எங்காவது கட்டிவைத்துவிட்டு நழுவவும் முடியாது. ஃப்ளோரிடாவில் பாழடைந்த படகை நீரில் கைவிடுவது குற்றம், அப்புறப்படுத்தும் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும்.