மலைநாட்டு ஓடைகளில் மீன்பிடித் தடைக்காலமும் தூண்டிற்காரர் கடமையும்

மலைநாட்டில் மரக்கறி பயிரிடுவோரும் பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போரும் ஓடை நீரை நம்பியே தொழில் செய்கின்றனர். அதே ஓடையில் மீனும் வாழ்கின்றது. ஓய்வு நாளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் பலர் உளர். அவர்களுட் சிலர் வெளியூரார். பலர் நம் வீட்டுப் பிள்ளைகளே. மீன் முட்டையிடும் பருவத்தில் அதனைப் பிடிக்கலாகாது என்னும் விதியை இவர்கள் ஏன் மதித்தல் வேண்டும், மதியாதார் எக்காரணத்தால் மதிக்கவில்லை, இவற்றிற் கமக்காரருக்குள்ள பங்கு யாது என்பவற்றை இப்பிரசுரம் விளக்குகின்றது.

1. தடைக்காலம் என்பது யாது?

அறுவடையான நெல்லில் விதைக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நம் வழக்கம். பஞ்ச காலத்திலும் அப்பங்கிற் கை வைக்க எவரும் விரும்பார். மீன்பிடித் தடைக்காலமும் இத்தகையதே. மீன் கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் சில வாரங்கட்கு அதனைப் பிடியாது விடுதலே தடைக்காலம் ஆகும். விதைநெல் நம் வீட்டுக் குதிரில் நம் பாதுகாப்பில் இருக்கின்றது. ஓடை மீனோ ஒருவருக்கு உரியதன்று. யாரும் பிடிக்கலாம் என்ற நிலையில் உள்ளது. ஆதலின் அதனைக் காக்க எல்லாரும் ஒத்து நடக்கும் விதி தேவைப்படுகின்றது.

இத்தகைய விதிகள் பல நாடுகளில் உள்ளன. இங்கிலாந்தில் 1878ஆம் ஆண்டில் நன்னீர் மீன்களுக்கான தடைக்காலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதனைப் பாராளுமன்றத்திற் கொண்டு வந்தவர் ஷெபீல்டு நகரின் உறுப்பினரான முண்டெல்லா என்பார். சட்டத்தை வேண்டி நின்றவர்களுள் அந்நகரத் தூண்டிற்காரர்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. அந்நாட்டு ஆறுகளில் மார்ச்சு 15 முதல் யூன் 15 வரை இத்தடை இன்றும் நிலவுகின்றது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 2001 முதல் 45 நாள் தடை இருந்தது; 2017 முதல் அது ஏப்பிரல் 15 தொடங்கி யூன் 14 வரை 61 நாளாக நீட்டப்பட்டது. நம் நாட்டின் கடலோரத்திலும் சிங்கி இறால் பிடிப்பதற்குப் பெப்புருவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடை உண்டு.

2. டிரவுட் மீன் மலைநாட்டுக்கு வந்த வரலாறு

மலைநாட்டுத் தூண்டிற்காரர் பெரிதும் விரும்புவது டிரவுட் மீன் ஆகும். இஃது இம்மண்ணுக்குரிய மீன் அன்று. ஆங்கில ஆட்சிக் காலத்தில், 1880களில், பழுப்பு நிற டிரவுட் நுவரெலியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. பின்னர் வானவில் டிரவுட் வந்தது. இவ்விரண்டனுள் வானவில் டிரவுட்டே மலையுச்சி ஓடைகளில் இயற்கையாக இனம் பெருக்கி நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி மலையில் டிரவுட் வளர்க்க முயன்ற எச். சி. வில்சன் என்னும் அதிகாரி, இலங்கையிலிருந்தும் வானவில் டிரவுட்டைத் தருவித்தார். அதற்கு முன்னர் 1863இல் டாக்டர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. நீலகிரியில் வேட்டை விலங்கும் வெளியிலிருந்து கொணர்ந்த மீனும் காக்கப்பட வேண்டி 1879இலேயே சென்னை அரசு தனிச் சட்டம் செய்திருந்தது.

அக்காலத்தில் டிரவுட் தூண்டில் என்பது பெரும்பாலும் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்கு. அனுமதியும் அவர்கள் கழகத்தின் வழியே கிடைத்தது. கொழுந்து பறித்த குடும்பங்கள் அதிற் பங்கு பெறவில்லை. ஆதலின், “இது துரைமாரின் மீன், துரைமாரின் விதி” என்னும் எண்ணம் மக்களிடையே ஊன்றியதில் வியப்பில்லை. இன்று நிலைமை வேறு. ஓடையும் நீர்த்தேக்கமும் பொதுச் சொத்து. விதியைக் காப்பதால் வரும் நன்மையும் அவ்வூராருக்கே உரியது.

3. முட்டையிடுங் காலத்தில் நிகழ்வது

டிரவுட் குளிர்நீர் மீன். பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும் காலத்தை ஒட்டி இது முட்டையிட முனைகின்றது. அப்பருவத்தில் இது ஓடையின் ஆழமற்ற மேற்பகுதியை நாடி ஏறும். பெண் மீன் தன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் செய்து, முட்டைகளை இட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பெண் மீனில் ஏறத்தாழ 2,000 முட்டைகள் இருக்கும். நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியசாயின் முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சும் சில வாரங்கள் கற்களின் இடுக்கிலேயே கிடந்து வளரும்.

இக்காலத்தில் மீன் மூவகையால் எளிதிற் கெடுகின்றது. முதலாவது, ஆழமற்ற தெளிந்த நீரில் கூட்டமாக நிற்பதால் தூண்டிலுக்கும் கைக்கும் எளிதில் அகப்படும். அரைக் கிலோகிராம் நிறையுள்ள சினைமீன் நான்கை ஒருவர் பிடித்தால், ஏறத்தாழ 4,000 முட்டைகள் ஓடைக்கு இல்லாது போகின்றன. இரண்டாவது, தூண்டிற்காரர் நீரில் இறங்கி நடக்கையிற் கூழாங்கல்லின் கீழுள்ள முட்டைகள் நசுங்குகின்றன. “பிடித்த மீனை மீண்டும் விட்டுவிட்டேன்” என்று கூறுவோர் இதனைக் கருதுவதில்லை. பிடித்து விடப்பட்ட சினைமீனும் களைப்பாற் சில வேளை முட்டையிடாது போகும். மூன்றாவது, சேறு படிந்தால் முட்டைக்கு உயிர்க்காற்று எட்டாது, முட்டை மடியும். இம்மூன்றாவது கேடு தூண்டிற்காரரால் வருவதன்று. அதனைக் கீழே கூறுவோம்.

4. விதி மீறப்படுவது ஏன்?

கடலில் விசைப்படகுத் தடை நடைமுறைக்கு வருவது எளிது. படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பதை ஊரே காணும். ஒரு படகு புறப்பட்டால் மற்றவர் அறிவர். தொழிலை இழக்கும் குடும்பங்கட்கு அரசு நிவாரணமும் தருகின்றது. பொழுதுபோக்குத் தூண்டிற்காரரின் நிலை இதனின் வேறானது. அவர் இழப்பது வருமானம் அன்று. ஒரு மாலைப் பொழுதின் இன்பமே. ஆதலின் அவர் விதியைக் காத்தல் எளிதாயிருக்க வேண்டும். எனினும் அவர் பையில் மடக்கி வைத்த தூண்டிலுடன் தனியே செல்கின்றார். ஓடைகளோ நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு மடுவின் கரையிலும் காவலரை நிறுத்துதல் இயலாது.

மீறுவோர் கூறும் காரணங்களை நான்காக வகுக்கலாம்.

(அ) அறியாமை: தடைக்காலம் எப்போது, எந்நீரில், எம்மீனுக்கு என்பது அவருக்குத் தெரியாது. அறிவித்தல் அலுவலகச் சுவரில் இருக்கும், ஓடைக்கரையில் இராது.

(ஆ) “என் ஒரு மீனால் என்ன கெடும்?” என்னும் எண்ணம்: ஒருவர் மீறினால் கேடு சிறிதே. ஆனால் ஒவ்வொருவரும் இவ்வாறே எண்ணுவராயின் ஓடை வெறுமையாகும்.

(இ) “மற்றவர் பிடிக்கின்றனர், நான் மட்டும் ஏன் விட வேண்டும்?” என்னும் மனக்குறை: மீறுதல் பரவுவதற்கு இதுவே முதற்காரணம். விதியைக் காத்தவன் ஏமாளி ஆவான் என்ற நிலை வந்தால் நல்லவனும் மீறுவான்.

(ஈ) விதியில் நம்பிக்கையின்மை: தம்மைக் கேளாது எவரோ இட்ட விதி என்று கருதுவோர் அதனை மனமார ஏற்பதில்லை.

தண்டனையைக் கடுமையாக்கினால் மட்டும் இக்குறைகள் தீர்ந்துவிடா. அகப்படுவோம் என்ற அச்சம் இல்லாதவிடத்துப் பெருந்தண்டனையும் பயன்படாது. விதி தெளிவாயும் நியாயமாயும் இருந்து, அதனை எல்லாரும் காக்கின்றனர் என்பது கண்ணுக்குத் தெரிந்தால், காவலர் இல்லாத இடத்தும் அது காக்கப்படும்.

5. பயிர்ச்செய்கைக் கூட்டம் கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையைக் கமக்காரர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. நீர்ப்பாசன வயல்களில் ஒவ்வொரு போகத்துக்கும் முன் கன்னக் கூட்டம் எனப்படும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், நீர் நிறுத்தும் நாள் ஆகியன அங்கு முடிவாகின்றன. மாடுகளைக் கட்டிவைக்க வேண்டிய நாளும் குறிக்கப்படும். இத்தீர்மானம் அனைவரையும் கட்டும். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் தம் முறைக்கு மேல் நீர் எடுத்தால் கடைமடைக்காரர் வயல் காயும். ஆதலின் ஒருவரை ஒருவர் கவனிக்கின்றனர். விதி தம் வாயால் ஒப்புக்கொண்டது ஆதலின் அதனை மீறுவோர்க்கு ஊர் முன் வெட்கமும் உண்டு.

ஓடை மீனுக்கும் இம்முறையே ஏற்றது. தோட்டத்து லயங்களின் தலைவர்கள், கமக்காரர் அமைப்புகள், இளைஞர் கழகங்கள், ஓடையோரப் பாடசாலைகள் ஆகியோர் கூடி, உரிய அதிகாரிகளையும் அழைத்து, தம் பகுதி ஓடையில் மீன் கூடும் இடம் எது, முட்டையிடும் காலம் எது என்று தாமே கண்டறிந்து பேசலாம். ஊரார் கூடி ஏற்ற நாட்களை ஓடைக்கரையிற் பலகையில் எழுதி வைத்தல் நன்று. சுற்றுலா விடுதி நடத்துவோரும் தம் விருந்தினர்க்கு இதனை அறிவித்தல் வேண்டும்.

6. எல்லா மீனுக்கும் ஒரே விதி பொருந்தாது

காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களில் திலாப்பியா, கெண்டை முதலிய மீன்களை மக்கள் உணவுக்காகப் பிடிக்கின்றனர். திலாப்பியா 1952இல் நம் நாட்டுக்குக் கொணரப்பட்டது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆண்டில் பன்முறை இனம் பெருக்கும். அதற்குக் குறித்த தடைக்காலத்தினும், சிறு மீனைப் பிடியாது விடும் அளவு விதியே பயன்தரும். கெண்டையினங்கள் மழைநீர் பெருகுங்கால் ஆழமற்ற புல்லோரங்களை நாடும். அவ்வேளை அவ்விடங்களில் வலை வீசாதிருத்தல் நன்று.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். டிரவுட் வெளியிலிருந்து வந்த கொன்றுண்ணி மீன். ஹோட்டன் சமவெளி ஓடைகளில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிற்றிறால் இனம் ஒன்று வாழ்கின்றது. டிரவுட் அதற்குப் பகையாகின்றது என்பதை ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஆகவே டிரவுட்டைப் புதிய ஓடைகளில் எவரும் தம் விருப்பப்படி விடலாகாது. ஏற்கெனவே நிலைபெற்ற நீர்களில் அதனை ஒழுங்காகப் பேணுதலும், மற்றைய நீர்களை நாட்டு மீனுக்கும் இறாலுக்கும் விடுதலும் தக்கது.

7. கமக்காரர் செய்ய வேண்டுவது

தூண்டிற்காரர் ஒருவரும் தூண்டில் போடாவிடினும், ஓடையிற் சேறு நிறைந்தால் மீன் இல்லை. உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றைச் செங்குத்தான சரிவில் பயிரிடும்போது கனமழையில் மேல்மண் கரைந்து ஓடைக்கு வருகின்றது. அம்மண் கூழாங்கற்களின் இடைவெளியை அடைக்கின்றது. தூண்டிற்காரனைத் தடைக்கு உட்படுமாறு கேட்கும் நாம் நம் மண்ணையும் காத்தல் முறை. மேலும் அம்மண்ணோடு நாம் விலை கொடுத்து வாங்கிய பசளையும் போகின்றது. காத்தலால் முதலில் பயனடைபவர் கமக்காரரே. மண்ணரிப்பைத் தடுக்க 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது.

பீடைகொல்லிகளும் கேடு செய்வன. பைரெத்ராயிட்டு வகை மருந்துகள் மனிதர்க்கு விளைக்கும் தீங்கினும் மீனுக்கு விளைக்கும் தீங்கு மிகப் பெரிது. சிறிதளவே மீனைக் கொல்லும். தெளிகருவியை ஓடையிற் கழுவினால் கீழேயுள்ள மடுவில் மீன் மிதப்பதைக் காணலாம். அந்நீரையே கீழ்ப்புறத்தார் குடிக்கவும் கூடும்.

8. சட்டம் கூறுவது

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தின்படி வெடிமருந்து, நஞ்சு முதலியவற்றால் மீன் பிடித்தல் குற்றமாகும். அச்சட்டத்தின் கீழ், குறித்த நீரில் குறித்த காலத்துக்கு மீன்பிடியை நிறுத்தி வர்த்தமானியில் அறிவிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது; வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்குத் தூண்டில் போடலாகாது.

9. நினைவிற் கொள்ள வேண்டியவை

• தூண்டிலை எடுக்கு முன் அந்நீரில் தடை உண்டா என்று கேட்டறிக.
• ஆழமற்ற கூழாங்கல் மேட்டில் மீன் கூடி நின்றால் அவ்விடத்தில் இறங்காதீர். பிறரையும் இறங்க விடாதீர்.
• சினைமீனும் சிறு மீனும் அகப்பட்டால், கையை நனைத்துப் பிடித்து, தாமதியாது நீரில் விடுக.
• சரிவு நிலத்தில் சமவுயர வடிகாலும் கல்லணையும் அமைக்க. ஓடையோரத்தில் புல் வரிசையை அழியாது விடுக.
• தெளிகருவியையும் மருந்துப் போத்தலையும் ஓடையிற் கழுவற்க.
• மீறுவோரைக் கண்டால் சண்டையிடாது எடுத்துச் சொல்லுக; கேளாராயின் அதிகாரிகளுக்கு அறிவிக்க.

கூட்டத்தில் உரையாடுதற்குரிய வினாக்கள்

(1) நம் ஓடையில் பத்து ஆண்டுகளுக்கு முன்னிருந்த மீன் இன்று உண்டா? இல்லையெனின் காரணம் தூண்டிலா, சேறா, மருந்தா?
(2) தடைக்கால நாட்களை நம் பிள்ளைகளும் வெளியூராரும் அறியச் செய்வது எங்ஙனம்?
(3) மேட்டு நிலக்காரர் மண்ணைக் காப்பதால் கீழ் வயற்காரர் அடையும் பயன்கள் யாவை?

மண்ணரிப்புத் தடுப்பு வேலைகள் பற்றி மேலும் அறிய விரும்புவோர் அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரையும், மீன்பிடித் தடை பற்றி அறிய விரும்புவோர் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தையும் நாடுக.