கல் சொல்லும் காலநிலை

கிள்ளான் ஆற்றின் கழிமுகம் போன்ற உவர்நீர்ச் சேற்றில் வளர்வது நிப்பா மரம். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரமே அதற்கு ஏற்ற இடமாகும். அத்தகைய நிப்பாவின் காய், கடலுக்கு நெடுந்தொலைவில், மத்திய இந்தியாவின் மோகாவ் கலான் என்னும் சிற்றூரில் கல்லாகிக் கிடந்தது! பன்னெடுங்காலத்திற்கு முன் அங்கே வெப்பமான கழிமுகம் இருந்ததற்கு அது சான்றன்றோ?

இவ்வாறு புதைபடிவங்களைக் கொண்டு பண்டைய நிலத்தையும் காலநிலையையும் ஆராய்ந்தவர் அறிஞர் பீர்பால் சாகினி. 1891-இல் பஞ்சாபில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்று, 1921-இல் இலக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். காசுமீரத்தின் உயர்ந்த மலைப்பகுதியில் ஏரிச் செடிகளின் படிவங்கள் கிடைத்தன. பழைய ஏரிப்படுகையே மலையோடு மேலெழுந்தது என அவர் விளக்கினார். 1936-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

தாம் நிறுவிய ஆய்வுக்கழகத்திற்குக் கட்டடம் எழுப்ப அவர் விழைந்தார். 3.4.1949 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். புதைபடிவங்கள் பதித்த கல் அது. ஒரு வாரத்திற்குள் சாகினி மறைந்தார். அவர்தம் துணைவியார் சாவித்திரி அப்பணியைத் தொடர்ந்தார். 1953-இல் கட்டடம் திறக்கப்பெற்றது. இன்றும் அங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

நம் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையும் பண்டைக் கடலில் உருவானதே. கூர்ந்து நோக்குவோர்க்குக் கல்லும் ஆசானாகும்.