வேப்பிலைச் சாறும் நாக ஒட்சைட்டும்

இலைச்சாற்றின் துணைகொண்டு உலோக ஒட்சைட்டு நுண்துணிக்கைகளை ஆக்கி, அவற்றாற் கிருமிகளைக் கொல்லலாம் என்னும் செய்தி இந்நாளிலே விஞ்ஞானச் சஞ்சிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றது. இதில் இலையின் பங்கு யாது, உலோகத்தின் பங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியின் தேவையை முதற்கண் நோக்குவாம். 1928ஆம் ஆண்டிலே பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, அம்மருந்தைப் போதிய அளவில் உட்கொள்ளாவிடின் அதற்கடங்காத கிருமிகள் தோன்றும் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பலித்துவிட்டது. மருந்துக்கடங்காத பற்றீரியாக்களை நேர்க்காரணமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே, அறிஞர் வேறு ஆயுதங்களைத் தேடுவதில் வியப்பில்லை.

நாக ஒட்சைட்டு, தோலிற் பூசும் வெண்களிம்புகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பொருளே. நனோத் துணிக்கை என்பது 1 முதல் 100 நனோமீற்றர் வரையான பருமனுடையது. ஒரு மில்லிமீற்றரிற் பத்து இலட்சத்திலொரு பங்கே நனோமீற்றர். பக்கம் 1 சதமமீற்றரான ஒரு சதுரமுகியின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றராகும். அதனையே பக்கம் 10 நனோமீற்றரான சதுரமுகிகளாகப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். பொருள் கூடவில்லை, கிருமியைச் சந்திக்கும் பரப்பே கூடியது. அப்பரப்பிலிருந்து கரையும் நாக அயன்கள் கலத்தின் நொதியங்களைக் குழப்பும். ஒளி படும்போது ஐதரசன் பேரொட்சைட்டு முதலியன தோன்றிக் கலத்தைத் தாக்கும். துணிக்கைகள் நேரே ஒட்டிக் கலமென்சவ்வைச் சிதைப்பதும் உண்டு.

இனி, ஆக்கும் முறையைக் கூறுவாம். வேப்பிலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காய்ச்சிவடித்த நீரிலிட்டுச் சூடாக்கி வடிகட்டுவர். அச்சாற்றை நாக நைத்திரேற்றுக் கரைசலுடன் கலந்து சூடாக்கக் குழம்பு போன்ற பொருள் உண்டாகும். அதனை உலர்த்தி, ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் உலையிலிட்டுச் சுட வெண்தூள் எஞ்சும். அது நாக ஒட்சைட்டே என்பதை எக்ஸ் கதிராலும், அதன் பருமனை இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் துணிவர்.

இங்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. இலைச்சாறு நாகத்தைத் தாழ்த்துகின்றது எனச் சிலர் எழுதுவர். வெள்ளி நைத்திரேற்றிலிருந்து வெள்ளியைப் பெறுமிடத்து அக்கூற்றுப் பொருந்தும். நாகத்துக்கோ, நைத்திரேற்றிலும் ஒட்சைட்டிலும் ஒட்சியேற்ற எண் +2 ஆகவே உள்ளது. தாழ்த்துதற்கு அங்கு இடமில்லை. சாற்றிலுள்ள பீனோல் வகைச் சேர்வைகள் நாக அயன்களைப் பிணைத்து, துணிக்கைகள் பெருத்துத் திரளாவண்ணம் காப்பதே இலையின் தொழிலெனக் கொள்ளலாம். இரண்டாவது, வேம்பின் மருந்துக்குணம் தூளில் இறங்கியது என்பது. உலையின் வெம்மையிலே இலைச்சேர்வைகள் பெரும்பாலும் எரிந்தொழியும். எரிந்தது எவ்வாறு நோய்தீர்க்கும்?

இவ்வையங்களைத் தீர்க்க வல்லது கட்டுப்பாட்டுப் பரிசோதனையே. இலைச்சாற்றால் ஆக்கிய தூள், இலையின்றி ஆக்கிய அதே பருமனுள்ள தூள், இலைச்சாறு மாத்திரம், அதேயளவு நாகமுள்ள உப்புக்கரைசல், வெறும் நீர் ஆகிய ஐந்தையும் ஒரே கிருமியின்மீது ஒருங்கே சோதித்தல் வேண்டும். முதலிரண்டும் ஒத்த பயன் தரின், இலை ஆக்கத்துக்கு மாத்திரமே உதவிற்று என்க. உப்புக்கரைசலும் அவ்வாறே கொல்லுமாயின், கொன்றவை அயன்களாதல் கூடும். ஏகார்த் தட்டிலே தோன்றும் தெளிவளையத்தின் அகலத்தை மாத்திரம் நம்புதலும் தகாது. துணிக்கைகள் ஏகாரினூடு எளிதிற் பரவுவதில்லை. வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைத் திரவ ஊடகத்தில் அளத்தலே நன்று.

உலோகத்தையும் அளவின்றி வழங்குதல் ஆகாது. பன்றிக்குட்டிகளின் வயிற்றோட்டத்துக்கு மருந்தளவாகத் தீனியிற் கலந்த நாக ஒட்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் நிறுத்தியது. நாகம் மண்ணிற் சேர்வதும், மருந்துக்கடங்காக் கிருமிகள் பெருகக்கூடும் என்பதுமே அதற்குக் காரணங்களாம்.

வேம்பு நம் முற்றங்களில் நிற்கும் மரம். அதன்மேல் நாம் கொண்ட மதிப்பு ஆராய்ச்சியைத் தொடக்கிவைக்கலாம். முடிவை அது கூறலாகாது. ஆய்வுகூடத்திற் புகும் மாணவர் இலைச்சாற்றுத் தட்டின் பக்கத்திலே இலையில்லாத தட்டொன்றையும் தவறாது வைப்பாராக.